‘உண்மைக் கதை’ என்று போட்டுக்கொண்ட புரூஸ் லீ படங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். புரூஸ் லீ நினைவு நாளையொட்டி நீங்கள் வெளியிட்ட ‘டூப்ளிகேட் புரூஸ் லீக்கள்’ கட்டுரையைப் படித்தேன். சிரித்துக்கொண்டேதான் படித்தேன், எழுதியவர் இந்தப் படங்களை நிஜமாகவே உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்பதும் தெரிந்தது. ஆனால் லீ செத்த பிறகு அவர் மாதிரி வேஷம் கட்டிச் சண்டை போட்ட படங்களையும், ‘இதுதான் புரூஸ் லீயின் உண்மைக் கதை’ என்று சொல்லிக்கொண்டு வந்த படங்களையும் அவர் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். எனக்கு இரண்டாவது ரகத்தின் மேல்தான் கோபம்.

முதல் ரகம் யாரையும் ஏமாற்றவில்லை. ‘தி குளோன்ஸ் ஆஃப் புரூஸ் லீ’ படத்தில், செத்துப்போன லீயின் உடம்பிலிருந்து செல் எடுத்து ஒரு விஞ்ஞானி மூன்று புரூஸ் லீ செய்கிறார். 1977-இல் வந்த ‘தி டிராகன் லிவ்ஸ் அகெய்ன்’ இன்னும் ஒரு படி மேலே போய், லீயைப் பாதாள உலகத்துக்கு அனுப்பி டிராகுலா, ஜேம்ஸ் பாண்டு, போப்பாய் எல்லாரோடும் கோர்த்துவிட்டது. இதையெல்லாம் பார்த்து எவனாவது வரலாறு என்று நம்புவானா? நடித்தவர்களும் பாவம். தைவானைச் சேர்ந்த ஹோ சுங் டாவ் நல்ல சண்டைக்காரர். ‘புரூஸ் லி’ என்ற பெயரை அவர் ஆசைப்பட்டு வைத்துக்கொள்ளவில்லை, தயாரிப்பாளர்கள் ஒட்டிவிட்டார்கள். பர்மாவில் பிறந்த ஒருவர் ‘புரூஸ் லே’ ஆனார். லீ பெரியவனாகிக் கதாநாயகனாக முடித்துக்கொடுத்தது நாலே நாலு படம், உலகம் முழுக்க விநியோகஸ்தர்கள் ஐந்தாவது கேட்டார்கள், அதனால் இவர்களுக்குப் பிழைப்பு நடந்தது. நம்மூர் வீடியோக் கடைகளில் இந்தக் கேசட்டுகளை எடுத்துப்போய் ஏமாந்து சிரித்தவர்களில் நானும் உண்டு, அதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இரண்டாவது ரகம் அப்படியில்லை. ஹாங்காங்கின் பெரிய படக் கம்பெனியான ஷா பிரதர்ஸ் எடுத்த ‘புரூஸ் லீ அண்டு ஐ’ படத்தை உங்கள் கட்டுரை ஒரே வரியில் ‘ருசிகரமான படம்’ என்று தாண்டிப் போகிறது. 1973 ஜூலை 20 அன்று லீ இறந்தது நடிகை பெட்டி டிங் பெயின் வீட்டில். லீ தலைவலி என்றார், பெட்டி ஒரு மாத்திரை கொடுத்தார், லீ படுத்தார், எழுந்திருக்கவில்லை. வயது 32. மூளை வீக்கம். மாத்திரையில் இருந்த மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம் என்று விசாரணையில் பேசப்பட்டு, கடைசியில் எதிர்பாராத விபத்து மரணம் என்று தீர்ப்பானது. மூன்று வருஷம்கூடத் தாங்கவில்லை, அதே பெட்டியையே பெட்டியாக நடிக்கவைத்து, டானி லீயை புரூஸ் லீ ஆக்கி, அந்தப் படுக்கையறையையே டிக்கெட் போட்டு விற்றுவிட்டார்கள். பெட்டியை நான் குறை சொல்லமாட்டேன், ஊரே தூற்றிய ஒரு பெண் தன் பக்கத்தைச் சொல்ல எந்த மேடை கிடைத்தாலும் ஏறத்தான் செய்வார். கேள்வி மேடை போட்டவர்களைப் பற்றியது. லீ உயிரோடு அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தபோது அவருக்குச் சரியான சம்பளம் தர மனசு வராமல் போட்டிக் கம்பெனியான கோல்டன் ஹார்வெஸ்டிடம் பறிகொடுத்த அதே ஷா கம்பெனி. உயிரோடு இருந்தவரை அவரை வைத்து ஒரு குங்ஃபூ படம் எடுக்க முடியாதவர்கள் செத்த பிறகு அவரை வைத்து எடுத்த படம் இது. (டானி லீ பிற்பாடு போலீஸ் வேஷங்களில் பேர் வாங்கினார், நல்ல நடிகர், அது வேறு விஷயம்.)

இதற்கெல்லாம் வழி விட்டது ஒரு பொய் என்பதையும் சொல்லவேண்டும். லீ தன் வீட்டில் மனைவியோடு இருந்தபோது மயங்கி விழுந்தார் என்றுதான் கோல்டன் ஹார்வெஸ்ட் தரப்பு முதலில் அறிவித்தது. ஆம்புலன்ஸ் எங்கிருந்து புறப்பட்டது என்று பத்திரிகைக்காரர்கள் பதிவேட்டைத் துருவியதும் சில நாளிலேயே குட்டு வெளிப்பட்டது. குடும்பத்துக்கு அவமானம் வேண்டாம் என்று நினைத்திருக்கலாம், எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு பொய் உடைந்துவிட்டால் அதற்குப் பிறகு விசாரணை அதிகாரி என்ன சொன்னாலும் ஜனம் நம்பாது. விஷம் வைத்தார்கள், ரௌடிக் கும்பல் அடித்தது, சாபம், ரகசிய அடி, என்னென்னவோ. 1976-இல் ஹோ சுங் டாவை வைத்து வந்த ‘தி மேன், தி மித்’ இந்த வதந்திகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் படமாக்கி, உங்களுக்குப் பிடித்த சாவை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி முடித்தது. சண்டைக் காட்சிகள் நன்றாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், அதனால்தான் இன்னும் எரிச்சல்.

இதைவிட மோசமானதை உங்கள் கட்டுரை தொடவேயில்லை, ஒருவேளை அதை எடுத்தவர்கள் பெரிய கை என்பதாலோ என்னவோ. ‘கேம் ஆஃப் டெத்’. லீ 1972-இல் பாதியில் நிறுத்திவிட்டுப் போன படம். ‘என்டர் தி டிராகன்’ இயக்கிய அதே ராபர்ட் க்ளூஸ் 1978-இல் அதற்கு வேறு ஒரு கதை எழுதி, டூப்புகளைப் போட்டு முடித்தார். ஒரு காட்சியில் கண்ணாடியில் லீயின் முகத்தை அட்டையில் வெட்டி ஒட்டியிருப்பார்கள், நாமெல்லாம் அதைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். சிரிக்கவேண்டியது அதற்கு மட்டும்தான். கதைப்படி நாயகன் செத்ததாக நாடகமாடவேண்டும், அதற்கு ஒரு சவ ஊர்வலம் வேண்டும், உடனே 1973-இல் நடந்த லீயின் நிஜ சவ அடக்கத்தில் எடுத்த படச்சுருளையே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். அழுதுகொண்டிருக்கும் கூட்டம் நிஜக் கூட்டம், சவப்பெட்டிக்குள் இருக்கும் முகம் நிஜ முகம். இதை எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்து வெட்டி ஒட்டிய ஆளுக்குக் கை நடுங்கவில்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும். டூப்ளிகேட்காரர்களைக் கேலி செய்கிறோம், இதை ‘லீயின் கடைசிப் படம்’ என்று மரியாதையோடு அலமாரியில் வைத்திருக்கிறோம்.

அப்புறம் ஹாலிவுட். 1993-இல் வந்த ‘டிராகன்: தி புரூஸ் லீ ஸ்டோரி’, மனைவி லிண்டா எழுதிய புத்தகத்தை ஆதாரமாகக் கொண்டது, ஆகவே எல்லாம் சரியாக இருக்கும் என்று நம்பினோம். 1970-இல் பளு தூக்கும் பயிற்சியில் லீக்கு முதுகு போனது. படத்தில் அதைத் தோற்றுப்போன எதிராளி ஒருவன் பின்னாலிருந்து உதைத்ததாக மாற்றினார்கள். முதுகு போய்ப் படுக்கையில் கிடந்த அந்த மாதங்களில்தான் அவர் தன் சண்டைமுறையைப் பற்றி நோட்டு நோட்டாக எழுதினார். தன் உடம்பைத் தானே மீறி வருத்திக்கொண்டு, அதற்கு விலை கொடுத்து, அதிலிருந்து யோசித்து வெளியே வந்த மனுஷன் எவ்வளவு சுவாரஸ்யமானவர்! அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு வில்லன் உதையைக் கொடுத்தால் எப்படி? அதோடு விட்டார்களா, கவசம் போட்ட ஒரு பேய் கனவில் வந்து துரத்துகிறது, கடைசியில் குழந்தை பிராண்டனை நோக்கிப் போகிறது, அப்பா சண்டை போட்டுப் பிள்ளையைக் காப்பாற்றுகிறார். அந்தப் படம் திரைக்கு வருவதற்குச் சில வாரம் முன்பு, மார்ச் 31 அன்று, வேறொரு படப்பிடிப்பில் சரியாகச் சோதிக்காத துப்பாக்கியால் நிஜ பிராண்டன் 28 வயதில் செத்துப்போனார். படம் எடுத்தவர்களுக்கு அது முன்கூட்டித் தெரியாது, அதற்கு அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் லீ குடும்பத்துக்கே சாபம் என்கிற கதைக்கு உயிர் கொடுத்தது அவர்கள்தான். இன்றுவரை யாரிடம் பேசினாலும் படப்பிடிப்புத் தளத்தின் அலட்சியத்தைப் பற்றிப் பேச்சே வராது, சாபம்தான் வரும்.

2016-இல் திரைவிழாவுக்கு வந்த ‘பர்த் ஆஃப் தி டிராகன்’ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1964 வாக்கில் ஓக்லண்டில் லீக்கும் வோங் ஜாக் மேன் என்ற குங்ஃபூ வீரருக்கும் நடந்த சண்டை, மூன்று நிமிஷம் என்று லிண்டா தரப்பும் இருபது நிமிஷத்துக்கு மேல் என்று வோங் தரப்பும் சொல்லும் சண்டை, அதற்குள் ஒரு வெள்ளைக்கார இளைஞனைக் கற்பனையாக நுழைத்து அவன் காதலைக் கதையாக்கிவிட்டார்கள். லீயின் மகள் ஷானன் வெளிப்படையாகவே எதிர்த்தார். வோங் அப்போது உயிரோடு இருந்தார் என்பது கூடுதல் தகவல்.

சட்டம் என்ன செய்யும் என்று கேட்கலாம். டிராகுலாவாக நடித்த பெலா லுகோசியின் குடும்பத்தார் தொடுத்த வழக்கில், அவர் முகத்தின் மேல் இருந்த உரிமை அவரோடு போய்விட்டது, வாரிசுகளுக்கு வராது என்று 1979-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகு அந்த மாநிலத்தில் வாரிசுகளுக்காகச் சட்டம் வந்தது. ஆனால் அது விளம்பரத்துக்கும் சரக்குக்கும்தான், சினிமாவுக்கு விலக்கு. அதாவது புரூஸ் லீ முகத்தைப் பனியனில் அச்சடித்து விற்க அனுமதி கேட்கவேண்டும், அவர் எப்படிச் செத்தார் என்று கதை கட்ட யாரையும் கேட்கவேண்டாம். இதற்காக எல்லாவற்றுக்கும் குடும்பத்தாரிடம் கையெழுத்து வாங்கு என்றும் நான் சொல்லமாட்டேன், அப்படி எடுத்தால் வெறும் பூமாலைதான் கிடைக்கும், லிண்டா புத்தகத்தை வைத்து எடுத்த படத்தின் லட்சணத்தைத்தான் மேலே பார்த்தோமே. கற்பனை என்றால் கற்பனை என்று போடுங்கள், ‘உண்மைக் கதை’ என்று போட்டால் உண்மையைச் சொல்லுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

இயக்குநர் ஆங் லீ தன் மகன் மேசனை புரூஸ் லீயாக நடிக்கவைத்து ஒரு படம் எடுக்கப்போவதாக 2022-இல் அறிவிப்பு வந்தது. பெரிய இயக்குநர், நல்லபடியாக எடுக்கக்கூடியவர். அது வந்தால் உங்கள் விமர்சகரிடம் தயவுசெய்து சொல்லுங்கள், சண்டை எப்படி, பையன் அப்படியே லீ மாதிரி இருக்கிறானா என்பதையெல்லாம் இரண்டு வரியில் முடித்துக்கொண்டு, ஓக்லண்டு சண்டை, 1970 முதுகுவலி, ஜூலை 20 ராத்திரி, இந்த மூன்றையும் எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து எழுதட்டும்.

இன்னொன்று, கட்டுரையில் டூப்ளிகேட்களில் ஒருவரான டிராகன் லீயை ஹாங்காங்காரர் என்று போட்டிருக்கிறீர்கள். அவர் கொரியாக்காரர். அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகர்,
திருச்சி