அடியில் கூடு மாட்டினால் உச்சியில் சுவிட்ச் கெடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பட்டர்வொர்த்தில் சாமி மேடை செய்து கொடுக்கும் தச்சன் நான். வேலை குறைந்த நாள்களில், மரத்தில் பள்ளமும் விளிம்பும் செதுக்கும் சிறிய ரவுட்டர் இயந்திரத்துக்குப் பொருந்தும் தூசிக் கூட்டை அக்ரிலிக்கில் அறுத்து விற்கிறேன். அடியில் நான்கு திருகாணி, பக்கவாட்டில் தூசி உறிஞ்சியின் குழாய் நுழைய 35 மில்லிமீட்டர் துளை. அவ்வளவுதான்.

சென்ற மாதம் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்தார். பேரப்பிள்ளைகளுக்கு ரப்பர் மரத்தில் பொம்மை செய்பவர். வாங்கி ஏழு மாதமே ஆன அவருடைய ரவுட்டரில் சுவிட்ச் போய்விட்டது. பழுதுபார்க்கும் நிலையத்தில் இயந்திரத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லையாம். என் கூட்டைக் கண்டதுமே, "வெளியார் பாகம், உத்தரவாதம் செல்லாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "உங்கள் பொருளை மாட்டியதால்தானே தம்பி" என்றார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சுவிட்ச் இருப்பது மேலே, கூடு மாட்டுவது அடியில். சுவிட்சுக்குத் தூசி ஆகாது. அந்தத் தூசியை இழுத்துவிடத்தான் கூடே!

எங்கள் பக்கமும் குற்றம் உண்டு, ஒளிப்பானேன். நான் முதலில் செய்த கூடு மோட்டாரின் காற்றுத் துளைகளில் பாதியை அடைத்தது. செங்கால் என்ற கடின மரத்தில் பத்து நிமிடம் ஓட்டியதும் கை வைக்க முடியாத சூடு. உடைத்துக் குப்பையில் போட்டேன். அப்படிப்பட்டதை மாட்டி மோட்டார் கருகினால் நிறுவனம் கைவிரிப்பது நியாயம். உலோகம் தேய்க்கும் கை கிரைண்டரில் ஆபத்தான சங்கிலி ரம்பத் தட்டை மாட்டுபவருக்கும் நான் பரிந்து பேச வரவில்லை.

ஆனால் எது எதைக் கெடுத்தது என்று காட்ட வேண்டியவர் மறுப்பவர்தான். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மக்னுசன்-மோஸ் சட்டப்படி, தன் பெயர் பொறித்த பாகத்தையே மாட்ட வேண்டும் என்று நிறுவனம் உத்தரவாதத்தோடு முடிச்சுப் போடுவது பொதுவாகச் செல்லாது. விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று நம் மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. அட்டையில் பொடி எழுத்தில் எதை அச்சிட்டாலும் அதிலிருந்து நழுவ முடியாது. உத்தரவாதத்தை மறுப்பவர் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று உள்நாட்டு வாணிப அமைச்சு கட்டாயமாக்கட்டும்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுக் கொடுக்க 5 வெள்ளிதான் (ரிங்கிட்), வழக்கறிஞரும் வேண்டாம் என்று வாத்தியாரிடம் சொன்னேன். இந்த வயதில் அலைய வேண்டுமா என்று தயங்குகிறார். நானும் கூட வருகிறேன் என்றிருக்கிறேன், அந்தக் கூட்டையும் நான்கு திருகாணிகளையும் எடுத்துக்கொண்டு.

இப்படிக்கு,
தச்சன் ஒருவன்,
பட்டர்வொர்த், பினாங்கு