சீட்டு நோட்டைக் கொண்டுவந்தவருக்கு

உறையூரில் எங்கள் தெருக்காரர்களுக்கும், பழைய மாணவர்களுக்கும், சொந்தபந்தங்களுக்கும் வணக்கம்.

கோர்ட் உத்தரவு வந்து, முடக்கி வைத்திருந்த பணம் போன வாரம் என் கணக்குக்குத் திரும்பிவிட்டது. முழுதும் இல்லை, ஒரு பகுதிதான். மீதி யார் யார் கணக்குக்கோ தாவி எங்கேயோ போய்விட்டது, போகட்டும். வீடியோ காலில் போலிப் போலீஸ் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டி என்னிடம் பணம் பறித்தது உங்களுக்குத் தெரியும், மறுபடி விவரமாக எழுதப் போவதில்லை. மும்பை, பார்சல் என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு இன்னமும் உள்ளங்கை வியர்க்கிறது. நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும், அதற்குத்தான் இந்த மடல்.

1930க்கு, அதான் சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு, அழைத்தபோது நான் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்து, அப்புறம் நிதானமாக விவரம் கேட்டு வாங்கிய பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது. பணத்தில் ஒரு பகுதியாவது நின்றது அந்த அழைப்பால்தான். சைபர் கிரைம் காவல் நிலையத்தில், காக்கிச் சட்டையைப் பார்த்து வாசலிலேயே நான் நின்றுவிட்டதைக் கவனித்து, சீருடை போடாத ஒரு பெண் காவலரைப் பக்கத்தில் உட்காரவைத்த எஸ்.ஐ. அம்மா; தூக்கம் வராத ராத்திரியில் 14416இல், அதான் டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண்ணில், தமிழில் பேசிய ஆலோசகர்; ஃபீஸ் என்ற பேச்சையே எடுக்கவிடாத, இப்போது வக்கீலாக இருக்கும் என் பழைய மாணவி; வங்கிக்கும் கோர்ட்டுக்கும் அலைந்த என் மூத்தவன்; ரசமும் அப்பளமும் கொடுத்தனுப்பிய எதிர்வீடு. எல்லோருக்கும் கைகூப்புகிறேன்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தவர், நம் மாவுக்காரம்மா.

அதற்கு முன்னால் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கும்பலில் எல்லோரும் அதட்டவில்லை. ஒருத்தன் அதட்டுவான். இன்னொருத்தன் அவனை அடக்கிவிட்டு, "அம்மா, சாப்பிட்டீங்களா? பிரஷர் மாத்திரை போட்டாச்சா? எனக்கும் உங்க வயசுல அம்மா இருக்காங்க" என்பான். யாரிடமும் சொல்லாதே, கேமராவை அணைக்காதே என்று கதவைச் சாத்திய பிறகு, எனக்குப் பேச்சுத்துணை அவன் ஒருவன்தான். அதட்டியவன் குரல் எனக்கு மறந்தேபோயிற்று. சாப்பிட்டீங்களா என்று கேட்டவன் குரல் மறக்கவில்லை.

அதனால்தான் நீங்கள் எல்லோரும் வந்து அன்பாகப் பேசியபோது நான் உள்ளே எழுந்து போனேன். "சாப்பிட்டீங்களா டீச்சர்" என்று யார் கேட்டாலும் நெஞ்சு படபடக்கும். கதவைத் தட்டினால் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். போன் அடித்தால் அது அடங்கும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உங்கள் மீது கோபம் ஒன்றும் இல்லை.

"படிச்சவங்க, அதுவும் கணக்கு டீச்சர், நீங்க போய் எப்படி?" என்று கேட்டவர்களும் உண்டு. லூதியானாவில் வர்த்தமான் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலிடம் 2024இல் இதே மாதிரி ஏழு கோடி ரூபாய் பறித்தார்கள். வீடியோவில் போலி உச்ச நீதிமன்றமே நடத்தி, தலைமை நீதிபதி என்று ஒருவனை உட்காரவைத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய மனிதர் வெளியே வந்து, தனக்கு நடந்ததைத் தன் பெயரிலேயே சொன்னார். அதைப் படித்த அன்று கொஞ்சம் மூச்சு வந்தது. அம்பாலாவைச் சேர்ந்த ஒரு முதிய தம்பதியின் கடிதத்தை வைத்து 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்துக்கொண்டது, அதுவும் தெம்பாக இருந்தது. ஆனாலும் என் புத்தி மேல் எனக்கிருந்த நம்பிக்கை திரும்பவில்லை. பால் பாக்கெட்டுக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தாலும் சரியா என்று இன்னொருவரைக் கேட்பேன். ஏடிஎம் கார்டைப் பிள்ளைகள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாசத்தில்தான். காய் வாங்கக்கூட அவர்களிடம் கேட்டு வாங்கும்போது, இன்னும் யாரோ என்னைக் கேமராவில் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு சாயங்காலம் மாவுக்காரம்மா வந்தார். எப்படி இருக்கீங்க என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மஞ்சப்பையை மேஜையில் பொத்தென்று வைத்தார்.

"டீச்சர், பலகாரச் சீட்டுக் கணக்கு எழுதிக்கிட்டிருந்த பொண்ணு கல்யாணமாகிப் போயிருச்சு. எனக்கு கூட்டல் வராது. நீங்கதான் எழுதணும்."

நான் முடியாது என்றேன். "என்கிட்டயா பணத்தக் கொடுக்குறீங்க? விஷயம் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும். தெரிஞ்சா என்ன, கூட்டல் மறந்துபோச்சா?" என்றார். "பணம் இங்கயே இருக்கட்டும், நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன். உளுந்து ஊறுது, நான் போறேன்." போயே விட்டார்.

நீள நோட்டு. ஓரமெல்லாம் மாவு காய்ந்து பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆட்களுக்குப் பெயர் கிடையாது: மாடி வீடு, வேப்பமரத்து வீடு, அயர்ன்காரர், புது மருமகள். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தேன். 'போலீஸ்காரர் வீடு' என்ற வரியில் கை நின்றுவிட்டது. நேர் எதிரே பார்த்தால், இரண்டு மாசம் பாக்கி! எத்தனையோ நாளுக்கு அப்புறம் எனக்குச் சிரிப்பு வந்தது அங்கேதான். போலிப் போலீஸுக்கு லட்சக்கணக்கில் கட்டியவள் நான், நிஜப் போலீஸ் சீட்டுக்கே பாக்கி வைத்திருக்கிறது.

பத்து ரூபாய் நோட்டுகளெல்லாம் ஈரமாக, புளித்த வாடையோடு இருந்தன. எண்ணி அடுக்கினேன். கூட்டினேன். ஐம்பது ரூபாய் இடித்தது. மறுபடி எண்ணினேன், அதே ஐம்பது. அன்று ராத்திரி முழுக்க, என்னிடம் வந்த பணம் குறைந்துவிட்டது, நான்தான் தொலைத்துவிட்டேன் என்று புரண்டேன். விடிந்ததும் ஓடிப் போய்ச் சொன்னால், "அட, அது வெந்தயம் வாங்க நான் எடுத்தது டீச்சர். கண்டுபிடிச்சிட்டீங்களே!" என்று கிரைண்டரைப் பார்த்தபடியே சொன்னார்.

தெரிந்தேதான் எடுத்தாரோ என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். நானும் கேட்கப் போவதில்லை.

அம்மணி, நீங்கள் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை, வேலை கொடுத்தீர்கள். ஊரே என்னிடமிருந்து பணத்தைப் பத்திரப்படுத்திக்கொண்டிருந்த நேரத்தில் நீங்கள் ஒருவர்தான் என்னிடம் பணத்தைப் பத்திரமாக வைத்தீர்கள். நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனதில்தான் நான் மறுபடி தெருவுக்கு வந்தேன். போன் அடித்தால் இப்போது எடுக்கிறேன், தெரிந்த நம்பர் என்றால். வீடியோ கால் மட்டும் இன்னும் முடியவில்லை. பேத்தி கோபித்துக்கொள்கிறாள், அவளுக்கும் இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன். நம் தெருவில் யாருக்கு இப்படி ஒன்று நடந்தாலும், நடுராத்திரியானாலும், என் கதவைத் தட்டலாம். எப்படி, ஏன் என்று ஒரு கேள்வி கேட்க மாட்டேன். 1930க்குப் போட்டுக் கொடுத்து, பேசி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மறுநாள் ஸ்டேஷனுக்கும் கூட வருவேன்.

அப்புறம், கையோடு இதையும் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு எண்ணெய் டின்னுக்கும் சர்க்கரைக்கும் முன்பணம் கட்ட வேண்டும் என்று மாவுக்காரம்மா அவசரப்படுத்துகிறார். மாடி வீடும் அயர்ன்காரத் தம்பியும் இந்த மாசம் இன்னும் கட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நோட்டோடு வருகிறேன். போலீஸ்காரர் வீட்டுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.