மகள் விழுந்ததுக்காக டீம் ரேஸை விட்டிராத மச்சான்

அன்பு மச்சான்,

உன்ட வொய்ஸ் மெசேஜ் ரெண்டையும் நேத்து ராவு திரும்பவும் கேட்டன். பதில் போட ஒரு கிழமை பிந்திட்டு, குறை நினைக்காத, படுவான்கரையில வேளாண்மை வெட்டு நடக்குது, பள்ளி விட்டதும் பைக்கை எடுத்துக்கொண்டு அங்கால போனா வீட்ட வர இருட்டிரும். கடைசி மழை கொஞ்சம் கூடிட்டு, வயல் ஈரம், மெசின் இறங்கக் கஷ்டப்பட்டுது, ஆனா நெல்லு பரவாயில்ல. அம்மா சுகம், முழங்கால் நோ மட்டும் கிடக்கு.

சரி, மகள்ட கதைக்கு வாறன். ஸ்கீ கிளப் டீம் ரேஸ்ல ரெண்டு பொடியன் ரெண்டு பொம்பிளப் புள்ள எண்டு நாலு பேர் ஓட, இவ மூணாவது கேட்லயே, அதான் அந்த வளைஞ்சு போற கம்புலயே, விழுந்து, தன்னாலதான் எல்லாரும் தோத்த எண்டு வீடு வரைக்கும் கார்ல அழுதுகொண்டு வந்தா எண்டு சொன்னாய், கேட்க எனக்கும் மனம் கஷ்டமாப் போச்சு. ஆனா அதோட நீ சொன்ன மற்றக் கதைதான் எனக்குப் பிடிக்கல்ல, அது சும்மா ஷோ ரேஸ், ஒலிம்பிக்கே தூக்கிட்டாங்கள், இனித் தனிய ஓடினாக் காணும் எண்டு.

டேய், 2018 பெப்ரவரி உனக்கு மறந்திட்டா? கொரியாவில பியாங்சாங் ஒலிம்பிக்ல இதே டீம் ரேஸ்ல சுவிஸ் ஆஸ்திரியாவ அடிச்சுத் தங்கம் எடுத்த அண்டைக்கு உனக்கு அங்க விடியச்சாமம், நித்திரை முழிச்சுப் பாத்துட்டு எனக்குப் போன் எடுத்துக் கத்தினாய், அந்த ரெண்டு மீட்டர் உயரப் பொடியன் சென்ஹாய்சர்ன், வெண்டி ஹோல்டனர் எண்டு பேர் பேராச் சொன்னாய். எனக்கு ஸ்கீ எண்டாலே என்னெண்டு தெரியாத காலம் அது. நீ சொல்லித்தான் நான் அந்த ரேஸைத் தேடிப் பாத்த. சிவப்பு லேன், நீல லேன், ரெண்டு கதவும் ஒண்டாத் திறக்கும், அரை நிமிசம் கூட இல்ல, பக்கத்தில மற்றவன்ட ஸ்கீ சத்தம் கேட்டுக்கொண்டே இறங்கி, கடைசிக் கோட்டில உடம்பை முன்னுக்கு எறிவாங்க. நம்மட கொம்புமுறி விளையாட்டில வடசேரி தென்சேரி எண்டு பிரிஞ்சு நிண்டு கொம்பை மாட்டி இழுக்கிறதுதான் எனக்கு உடன ஞாபகம் வந்தது.

நான் பள்ளியில பிடி சேர், விளையாட்டு வாத்தி எண்டபடியா எனக்கு அதிர ரூல்தான் பிடிச்சது. நாலு பேரும் எதிர்ப்பக்கத்து ஒவ்வொராளோட ஓடுவாங்க, ஒரு ஓட்டத்துக்கு ஒரு பொயிண்ட், அவ்வளவுதான். ஒராள் விழுந்தாப் போறது ஒரு பொயிண்ட், மிச்ச மூணு பேரும் வெண்டா 3-1. ரெண்டு பேர் வெண்டாலும் 2-2, அப்ப டைம் பாப்பாங்க, டீம்ல வேகமா வந்த ஆம்பிளைட டைமையும் வேகமா வந்த பொம்பிளைட டைமையும் கூட்டி. ரெண்டு சூரப் பொடியன வச்சு மட்டும் தப்ப ஏலா. 2022 பெய்ஜிங்ல ஃபைனல் ஆஸ்திரியா ஜேர்மனி 2-2, வெண்கலத்துக்கு நோர்வே அமெரிக்கா அதுவும் 2-2, ரெண்டுமே டைம்லதான் முடிஞ்சது. அதில தோத்த அமெரிக்கா டீம்ல பெரிய ஸ்டார் ஷிஃப்ரின் நிண்டவ, ஆறு போட்டி ஓடியும் ஒரு மெடல் இல்லாமப் போனா. ஃபைனல்ல வெண்ட ஆஸ்திரியா பக்கத்தில ஸ்ட்ரோல்ஸ், அதுக்கு முதல் வருசம் நேசனல் ஸ்குவாட்ல இருந்து கழட்டி விட்ட ஆள், தனியாப் பயிற்சி எடுத்து வந்தவன். இத மகளுக்குச் சொல்லு.

உலக சாம்பியன்சிப்ல டீம் போட்டி 2005ல தொடங்கினது, இப்பிடிப் பக்கத்தில பக்கத்தில ஓடுறது 2011ல இருந்து, ஒலிம்பிக்ல 2018, 2022 எண்டு ரெண்டே ரெண்டு தரம். இந்த 2026ல எடுத்துட்டு வேகமா இறங்குற டவுன்ஹில் ஒராள், வளைஞ்சு வளைஞ்சு இறங்குற ஸ்லாலம் ஒராள் எண்டு டீம் கம்பைன்ட் வச்சாங்கள், அதிலயும் ஆம்பிளைக்கு வேற பொம்பிளைக்கு வேற. பிழையான முடிவு எண்டுதான் நான் சொல்லுவன், ஒலிம்பிக் அல்பைன்ல, அதான் இந்த மலை இறக்க ஸ்கீயில, ஆம்பிளையும் பொம்பிளையும் ஒரே ஸ்கோருக்கு ஓடின ஒரே போட்டி அந்த எடுத்த போட்டிதான்.

போன மாசம் எங்கட இல்ல விளையாட்டுப் போட்டியில நான் கேட்டுக் கேட்டு ஒரு கலப்பு ரிலே போடுவிச்சன், ரெண்டு பொடியன் ரெண்டு புள்ள. ஒம்பதாம் ஆண்டுப் புள்ள ஒண்டு ரெண்டாவது மாத்தையில கோலை விட்டுட்டா. கல்லடி மணல் தெரியுந்தானே, கோல் பாதி புதைஞ்சு போச்சு, அவ குனிஞ்சு தோண்டி எடுக்கிற வரைக்கும் மற்றப் பொடியன் கையைப் பின்னால நீட்டினபடியே நிண்டான், ஒரு சொல்லுக் கத்தல்ல, கோல் கையில பட்டதும் பறந்தான். மூணாவதாத்தான் வந்தாங்க. முடிஞ்சதும் நாலு பேரும் ஒரே போத்தல் தண்ணிய மாறி மாறிக் குடிச்சுக்கொண்டு நிண்டதுகள், அடுத்த வருசமும் இதே நாலு பேரையும் போடுங்க சேர் எண்டு அந்தப் பொடியன்தான் வந்து கேட்டான்.

மறுகா மகள்ட டீம்ல மற்ற மூணு பேரும் என்ன சொன்னவங்க எண்டு நீ சொல்லவே இல்ல. அவளிட்டக் கேட்டுச் சொல்லு. அடுத்த ரேஸ் வீடியோவும் அனுப்பு. அம்மா கஜு வறுத்துக் கட்டி வச்சிருக்கா, சித்திரை வருசத்துக்கு வாற ஆக்கள் யாரும் இருந்தாச் சொல்லு, மகளுக்கெண்டு தனிப் பார்சலாக் குடுத்து விடுறன்.

இப்படிக்கு,
உன்ட மச்சான்,
கல்லடி