ஹேண்ட்கேம் போடாதே கண்ணு

யாழினி கண்ணு,

நீ ஆடுகிற துப்பாக்கி கேமிலிருந்து எவனோ வெட்டிப் போட்ட அந்த கிளிப்பைத் தம்பி காட்டினான். ஓடிக்கொண்டிருக்கிற ஆளை நீ ஸ்கோப்பில் அடிக்கிறாய், அவ்வளவுதான், அதற்குச் சிரிப்புச் சத்தம் சேர்த்து உன் ஐடியை வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். கீழே 'ஹேக்கர்' (சாஃப்ட்வேர் வைத்து ஏமாற்றி ஆடுகிறாளாம்), 'பொண்ணு பேர்ல ஆடுற பையன்', 'போய் சமையல் பண்ணு' என்று வரிசையாக. எல்லாவற்றையும் படித்தேன். கை நடுங்குகிற அளவுக்குக் கோபம் வந்தது.

சனிக்கிழமை ஹேண்ட்கேம், அதான் ஆடுகிற கையைக் காட்டுகிற கேமரா, வைத்து லைவில் நிரூபிக்கப் போவதாகச் சொன்னாயாமே. வேண்டாம்.

கேம் ஆடுகிற கொரியாக்காரப் பெண் கெகுரியைப் பற்றி நீதானே எனக்குச் சொன்னாய்? 2016ல் அவளுக்கு 17 வயது. ஓவர்வாட்ச் என்கிற சுடுகிற கேமில் குறி தப்பாமல் அடித்தாள் என்பதற்காக ஹேக் என்றார்கள். கேம் கம்பெனியே பார்த்துவிட்டு அப்படி எதுவும் இல்லை என்று சொன்ன பிறகும் விடவில்லை, ஸ்டூடியோவில் உட்கார்ந்து, கை தெரிகிற மாதிரி கேமரா வைத்து, முகத்தை மாஸ்கால் மூடிக்கொண்டு அந்தப் பிள்ளை ஆடிக் காட்ட வேண்டியிருந்தது. 2018ல் ஷாங்காய் டிராகன்ஸ் அணியில் சேர்ந்து, அந்த கேமின் தொழில்முறைப் போட்டியான ஓவர்வாட்ச் லீகின் முதல் பெண் வீராங்கனை ஆனாள், சந்தோஷம்தான். ஆனால் எனக்கு அந்த மாஸ்க்தான் மனசை விட்டுப் போகவில்லை. தப்பே செய்யாதவள் ஏன் முகத்தை மறைக்க வேண்டும்?

உண்மையிலேயே சந்தேகம் என்றால் கேமிலேயே ரிப்போர்ட் பட்டன் இருக்கிறது, அழுத்திவிட்டுப் போகலாம். ஊரைக் கூட்டிச் சிரிக்கிறவனுக்கு உன் எய்ம் சரியா தப்பா என்பதெல்லாம் பொருட்டே இல்லை. நீ கையைக் காட்டினால் எடிட் என்பான், அப்புறம் முகத்தைக் காட்டு என்பான், முகத்தைக் காட்டினால் முகத்தைப் பற்றிப் பேசுவான்.

ஆனால் உன் போட்டோவை எடுத்து மார்ஃப் பண்ணிப் போட்டிருக்கிறானே ஒருவன், அதை மட்டும் சும்மா விடாதே. ஐடி, லிங்க், தேதி எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கு என்றே தனிப் பிரிவு இருக்கிறது. உனக்கு ஆபீஸ் வேலை இருந்தால் சொல், தம்பியை வைத்து நானே எழுதித் தருகிறேன்.

அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். ஆட்டத்தை நிறுத்து என்று இந்த வீட்டில் யாரும் சொல்லப் போவதில்லை. சனிக்கிழமை எப்போதும்போல ஆடு, மைக்கையும் ஆன் பண்ணியே ஆடு.

அம்மா