செயலாளர் அறிக்கை: 2020–21, 2021–22 (இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து)

(திருப்பூரில் எங்கள் பகுதிக் குடியிருப்போர் நலச்சங்கப் பொதுக்குழுவில் 2022 மே 1, ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப்பட்டது)

தலைவர் அவர்களே, பொருளாளர் அண்ணன் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, பெரியவர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

வருசத்துக்கு ஒரு தடவை பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும் என்பது 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டம். நாம் கடைசியாக இப்படி உட்கார்ந்தது 2019-இல். மே தினம் ஞாயிற்றுக்கிழமையில் வந்து கம்பெனி லீவு ஒன்று வீணாகிவிட்டது என்று சிலருக்கு வருத்தம். நாற்காலி பத்தாத அளவுக்குக் கூட்டம் வந்திருப்பது அதனால்தான் என்று எனக்குத் தெரியும்.

வழக்கமான விசயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். சாக்கடைக்கு இரண்டு மனு, தெருவிளக்குக்கு மூன்று மனு கொடுத்தோம். நகல்கள் கோப்பில் இருக்கின்றன. சாக்கடை அப்படியேதான் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இனி கொரோனா. 2020 மார்ச் 22, மக்கள் ஊரடங்கு அன்று சாயங்காலம் 5 மணிக்கு வாசலில் நின்று எல்லோரும் கை தட்டினோம், தட்டு தட்டினோம். நான் கரண்டியால் தட்டியதில் எவர்சில்வர் தட்டு நெளிந்துவிட்டது. வீட்டுக்காரர் இன்னும் அதில்தான் சாப்பிடுகிறார். 24-ஆம் தேதி மாலை 6 மணிக்கு 144, அன்று நள்ளிரவு முதல் நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. அதற்கு முன்னாலேயே நமக்குப் பயம் பிடித்துவிட்டது. முடக்கச் சொல்லி மத்திய அரசு சொன்ன பட்டியலில் தமிழ்நாட்டில் மூன்றே மாவட்டம்: சென்னை, காஞ்சிபுரம், ஈரோடு. ஈரோடு நமக்குப் பக்கத்து மாவட்டம், பாதிப் பேருக்குச் சம்பந்தி ஊர். அங்கிருந்து வந்த ஒறம்பரையை, அதாவது சொந்தக்காரர்களை, திண்ணையோடு திருப்பி அனுப்பிய வீடுகள் இந்த வீதியில் உண்டு. எங்கள் வீடும் அதில் ஒன்று.

கோழி தின்றால் கொரோனா வரும் என்று அந்த மாதம் ஒரு செய்தி போனிலேயே சுற்றியது. பல்லடத்துப் பண்ணைக்காரர்கள் கேட்ட விலைக்குக் கோழியைத் தள்ளினார்கள். வாங்க ஆளில்லை. ஆட்டுக்கறிக் கடையில் மட்டும் விலையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

இப்போது தீர்மானம் எண் 4. 2020 ஏப்ரல் முதல் வாரத்தில் வாட்ஸ்அப்பில் போட்ட தீர்மானம் இது. கையெழுத்துக்குப் பதிலாகக் கட்டைவிரல் பொம்மைகள் வந்தன. மினிட் புத்தகத்தில் நானே என் கையால் எழுதியிருக்கிறேன். கிழக்கு முனையை முள் வெட்டிப் போட்டு அடைப்பது. வீட்டு வேலைக்கு வரும் பெண்களை நிறுத்துவது. வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீடுகளில் உள்ள வடமாநிலத் தொழிலாளர்கள், மற்ற வீட்டார் எல்லோரும் பிடித்து முடித்த பிறகே பொதுக்குழாயில் தண்ணீர் பிடிப்பது. கீழே ‘எதிர்ப்பு: இல்லை’ என்றும் எழுதியிருக்கிறேன்.

குழாயில் தண்ணி வருகிற நாளே கம்மி, வந்தாலும் எவ்வளவு நேரம் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். கடைசி ஆள் குடம் வைக்கும்போது காத்துதான் வரும். அந்த லைனில் கைக்குழந்தையோடு ஒரு அம்மிணி இருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. முறையை மட்டும் எப்படியோ புரிந்துகொண்டு, தள்ளி வேப்ப மரத்தடியில் இரண்டு குடத்தோடு நிற்பாள். மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். கீழே இறங்கியதில்லை.

முள் போட்டதில் நோய் நின்றதோ இல்லையோ, கேஸ் வண்டி நின்றுவிட்டது. சிலிண்டரை முள்ளுக்கு அந்தப் பக்கமே இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆம்பளைகள் கையில் சானிடைசரோடு வாசலில் நிற்க, அதை வீடு வீடாக உருட்டிக் கொடுத்தது லைன் வீட்டுப் பசங்கள்தான். எனக்கு இரண்டு தடவை கொண்டுவந்து கொடுத்தார்கள். கம்பெனி மூடிச் சனிக்கிழமைச் சம்பளம் நின்று, குடும்ப அட்டைக்கு அரசு கொடுத்த 1000 ரூபாயும் அட்டை இல்லாததால் கிடைக்காமல், அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று நம் குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. மே மாதம் சிறப்பு ரயில் விட்டதும் போய்விட்டார்கள்.

அடுத்த தைப் பொங்கல் கழித்து ஒரு பையன் திரும்பி வந்தான். என்னிடம் வந்து, “அக்கா, தண்ணி இப்ப எத்தனை மணிக்கு மேல நாங்க புடிக்கணும்?” என்று கேட்டான். நமக்கு மறந்துபோன சட்டத்தை அவன் மனப்பாடமாக வைத்திருந்தான். அது எப்போதோ போய்விட்டது என்று சொன்னேன். உண்மையில் அதை நாம் ரத்து செய்யவே இல்லை. இன்றைக்கு அதற்கும் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன்.

வீட்டு நிலவரத்தையும் பதிவு செய்ய வேண்டும். ஊரடங்கில் ஓய்வு கிடைத்தது என்று சொன்னவர்கள் எல்லோரும் ஆண்கள். மூன்று வேளைச் சமையல், நடுவில் இரண்டு வேளைப் பலகாரம். கச்சாயமும் சந்தகையும் பண்டிகை நோம்பி நாளைப் போல வாரா வாரம் நடந்தன. டாஸ்மாக் மூடியிருந்த ஒன்றரை மாதமும் சில வீடுகள் நிம்மதியாகத் தூங்கின. 2020 மே 7 அன்று திறந்ததும் வரிசையில் ஒரு மீட்டர் இடைவெளியைச் சரியாகக் கடைப்பிடித்தார்கள். அந்த ஒழுங்கை வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

தையல் தெரிந்த பெண்கள் முகக்கவசம் தைத்தோம். பனியன் ஊரில் துணிக்கா பஞ்சம்? கட்டிங் வேஸ்ட்டை எடுத்து ஓரத்துக்கு ஓவர்லாக் போட்டு எலாஸ்டிக் வைத்தால் ஒரு பீஸ். என் வீட்டு நான்கு மிஷினும் அந்தக் கோடை முழுக்க ஓடின. செப்டம்பரில் முகக்கவசம் போடாவிட்டால் 200 ரூபாய் அபராதம் என்று வந்ததும் எல்லோரும் போட்டார்கள், தாடையில். போலீஸைப் பார்த்தால் மூக்குக்கு ஏறும்.

பிள்ளைகள் நிலைமைதான் மோசம். 2020-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை 2021 நவம்பர் 1 அன்று முதன்முதலாகப் பள்ளிக்கூடப் பெஞ்சில் உட்கார்ந்தபோது அது இரண்டாம் வகுப்பு. வீட்டில் இருப்பது ஒரே ஒரு நல்ல போன். அப்பன் ஷிப்ட்டுக்குப் போனால் பாடமும் பாக்கெட்டில் ஏறிக் கூடவே போய்விடும். கல்வித் தொலைக்காட்சி உதவியதுதான், ஆனால் அந்த நேரத்தில் பாட்டிகளுக்குச் சீரியல் இருந்தது. அடுத்த வீட்டுப் பையன் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துக்கு மாலையில் நம் மண்டபத்தைக் கொடுத்திருக்கிறோம். வாடகை கேட்கச் சொன்ன உறுப்பினருக்கு நான் அப்போதே பதில் சொல்லிவிட்டேன்.

2020 ஆவணியில் இரண்டாம் வீதியில் ஒரு கல்யாணம், 50 பேருக்கு மட்டும் அனுமதி. கல்யாணச் சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, மகன் வெளியே விடவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, “அரிசியக் கையில எடுங்க, அதில்லீங்க, அந்தப் பக்கம்” என்று அருமைக்காரர் வீடியோ காலில் சொல்லச் சொல்லச் சீர் நடந்தது. மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் செய்யும் இணைச்சீர் பாதியில் சிக்னல் போய்விட்டது. பத்து நிமிடம் எல்லோரும் அப்படியே நின்றோம்.

2021 மே வேறு மாதிரி. முதல் வருசம் நமக்குப் பயம் இருந்தது, நோய் இல்லை. இப்போது வீட்டுக்கு வீடு நோய். மாதக் கடைசியில் கோயம்புத்தூரின் தினசரி எண்ணிக்கை சென்னையைத் தாண்டியது. ஜூனில் மற்ற ஊர்களுக்குத் தளர்வு கொடுத்தபோதும் நம் மாவட்டம் தளர்வு குறைந்த 11 மாவட்டங்களில் ஒன்று. முள் போட்டு அடைக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை, அடைக்க எந்த வீடு மிச்சம்? சோறாக்க முடிந்த வீடுகள் அரிசியும்பருப்பும் ஆக்கித் தூக்குப்போசியில் ஊற்றி, நோய் வந்த வீட்டுக் கேட்டில் மாட்டிவிட்டு வந்தார்கள். காலிப் போசி வாசலுக்கு வந்திருந்தால் வீட்டில் எழுந்து நடக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு வீட்டில் இரண்டு நாள் போசி அப்படியே தொங்கியது. ஆம்புலன்ஸுக்கு அன்றைக்குத்தான் போன் செய்தோம். படுக்கை கிடைக்க விடிந்துவிட்டது.

இரண்டு பேரை இழந்தோம். இருவர் வீட்டுக்கும் எழவுக்குப் போக முடியவில்லை. மின்மயானத்தில் டோக்கன் வாங்கி மகன் மட்டும் உள்ளே போனான். நம்மில் பலர் இன்னும் அந்த வீடுகளுக்குத் துக்கம் கேட்கப் போகவில்லை. ஒரு வருசம் ஆகிவிட்டதே, இனி எப்படிப் போவது என்று கூச்சப்படுகிறீர்கள். அதில் ஒரு வீட்டுப் பாட்டி தினமும் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார். (எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம்.)

தடுப்பூசி பற்றி. நடிகர் விவேக் ஊசி போட்டு இரண்டாம் நாள் மாரடைப்பில் இறந்ததும், அதற்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர்கள் சொல்லியும், நம் வீதியில் பெயர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். மூடநம்பிக்கை என்று படித்தவர்கள் திட்டினார்கள். நான் வீடு வீடாகப் போனவள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. “ஊசி போட்டா ரெண்டு நாளைக்கு மேலு வலிக்குமுங்க, பீஸ் ரேட்டுக்காரி நான், சனிக்கிழமைக்கு என்ன பண்றது?” என்று கேட்டாள் ஒருத்தி. செப்டம்பர் 12 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய முகாம்கள் வந்ததும், கம்பெனிகளே உள்ளே முகாம் போட்டதும் அவளும் போட்டாள். ஒரு அம்மாயி மட்டும் முகாம் என்றாலே மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவார். மகள் வீட்டு வீதியிலும் முகாம் வைத்து அங்கே பிடித்துவிட்டார்கள்.

மாரியம்மன் நோம்பி இரண்டு வருசம் நிற்கவில்லை என்று சொல்ல ஆசைதான், நின்றுவிட்டது. கம்பம் நடவில்லை. வாசலில் மஞ்சத்தண்ணி தெளித்து வேப்பங்கொத்து சொருகியதோடு சரி. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில் இருக்கிறது, நம் பெரியவர்கள் இதையும் ஒருமுறை பார்த்தவர்கள்தான். இந்த வருசப் பூச்சாட்டு நோம்பிக்கு வரி தனியாக அறிவிக்கப்படும்.

கடைசியாக, தீர்மானம் எண் 4 உள்ள பக்கத்தைக் கிழித்துவிடச் சொல்லி மூன்று உறுப்பினர்கள் கேட்டார்கள். ஒருவர் எழுத்திலேயே கொடுத்திருக்கிறார். பிள்ளைகள் நாளைக்குப் படித்தால் என்ன நினைப்பார்கள் என்பது அவர் கவலை. கிழிக்க மாட்டேன். புத்தகத்தில் பக்க எண் இருக்கிறது, 37-ஐ எடுத்தால் 38 கேட்கும். ரத்துத் தீர்மானத்தை இன்றைக்குக் கைதூக்கி நிறைவேற்றுங்கள், அடுத்த பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன். குழாயில் வந்த வரிசைப்படி எல்லோரும் பிடிப்பது என்பதும் அதிலேயே வரும். லைன் வீட்டிலிருந்து இருவரைக் கூட்டத்துக்கு அழைத்திருந்தேன், கடைசி வரிசையில் நிற்கிறார்கள். யாராவது நாற்காலி கொடுங்கள்.

இன்னொன்று. சங்கம் வாங்கிய ஆக்சிமீட்டர் மூன்றில் இரண்டுதான் திரும்பி வந்திருக்கிறது. ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனால் சொல்லுங்கள் என்று கொடுத்தோம், அந்த நேரத்தில் நோட்டில் கையெழுத்து வாங்க எனக்கு மனசு வரவில்லை. யார் வீட்டுப் பீரோவில் இருந்தாலும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், கசிந்துவிடும். திங்கட்கிழமை என் மிஷின் மேசையில் வைத்துவிட்டுப் போனால் போதும், பெயர் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்