பல்லை வெள்ளையாக்கத் தேசிக்காய் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்,

கலியாண வீடு வருகிறதென்று என் தங்கையின் மகள் தேசிக்காய்ப் புளியில் அப்பச்சோடாவைக் குழைத்து இரண்டு கிழமையாகப் பல் தேய்த்திருக்கிறாள், இப்போது குளிர்ந்த தண்ணீர் குடிக்கவே பல் கூசி அழுகிறாள். புளி பல்லின் கடினமான மேற்படையான எனாமலைக் கரைக்கும், கரைந்தது திரும்ப வளராது. கரித்தூளும் அப்படித்தான், தேய்த்துத் தேய்த்து எனாமல் மெலிந்தால் உள்ளே இருக்கும் மஞ்சள்தான் இன்னும் கூடத் தெரியும்.

வெத்திலைக் கறை, பிளேன்ரீக் கறை என்றால் பல் வைத்தியர் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் போய்விடும். அதற்கு மேலும் வேண்டுமென்றால், பல்லுக்கு அளவெடுத்துச் செய்த தட்டில், பல்லை வெளுக்க வைக்கும் 10 வீத கார்பமைடு பெராக்சைடு ஜெல் விட்டு இரவில் பல்லின் மேல் மாட்டும் முறை 1989 முதல் நன்றாக ஆராயப்பட்டது. சில கிழமை பிடிக்கும், இடையில் கொஞ்சம் கூச்சம் வரலாம், அது தற்காலிகம். சொத்தையும் முரசு வீக்கமும் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். அடைத்த பல்லும் கட்டிய பல்லும் நிறம் மாறாது, இதையும் முன்பே கேட்டு வையுங்கள்.

என்ன கலந்தது என்று எழுதாத பல் வெள்ளையாக்கும் பொடிகளை விற்பவர்கள் தயவுசெய்து நிறுத்த வேண்டும்.

வாசகி ஒருவர்,
கொக்குவில்