ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு: பழைய கைபேசி எதற்கு?

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை அறிவியல் மன்றக் கூட்டத்துக்கு, வீட்டில் பழுதாகிக் கிடக்கும் கைபேசி இருந்தால் கொண்டுவரச் சொல்லி எங்கள் அறிவியல் ஆசிரியர் பிள்ளைகளிடம் கேட்டிருந்தார். மறுநாளே சிலர் பள்ளி அலுவலகத்துக்கு வந்துவிட்டீர்கள். "கைபேசியைத் தொடாதே" என்று இறைவணக்கக் கூட்டத்தில் சொல்லும் பள்ளியே அதைக் கொண்டுவரச் சொல்லலாமா? நியாயமான கேள்விதான். பதில் சற்று நீளம்.

அன்று பிள்ளைகள் படிக்கப்போவது ஒரு சரக்கு ராக்கெட்டின் முதல் சோதனைப் பயணம். பெயர் அண்டாரிஸ், விருச்சிகத்தில் சிவந்து தெரியும் நம் கேட்டை நட்சத்திரத்தின் மேல்நாட்டுப் பெயர். 2011இல் அமெரிக்காவின் விண்வெளி ஓடங்கள் ஓய்வுபெற்றன. விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோக நாசா அமர்த்திய தனியார் நிறுவனங்களில் ஒன்றான ஆர்பிட்டல் சயின்சஸ் இந்த ராக்கெட்டைக் கட்டியது.

முதல் பயணத்தில் சரக்கே இல்லை. சரக்குக் கலத்துக்குப் பதிலாகச் சுமார் 3,800 கிலோ எடையுள்ள மாதிரிச் சுமையை ஏற்றினார்கள். 2013 ஏப்ரல் 17 அன்று, புறப்படச் சுமார் 12 நிமிடம் இருக்கையில், இரண்டாம் அடுக்கோடு இணைத்திருந்த கம்பி கழன்றுவிட்டது, நிறுத்தினார்கள். 20ஆம் தேதி மேல்வானில் காற்று பலம், மறுபடியும் நிறுத்தினார்கள். 21ஆம் தேதி மாலை வர்ஜீனியாவின் வாலப்ஸ் தீவிலிருந்து கிளம்பியது, பத்தே நிமிடத்தில் சுற்றுப்பாதையை எட்டிவிட்டது.

அந்தச் சுமையோடு நாசாவின் மூன்று குட்டிச் செயற்கைக்கோள்களும் போயின. ஒவ்வொன்றும் பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர்தான். உள்ளே மூளையாக இருந்தது கடையில் கிடைக்கும் கைபேசி! பேசும் வசதியை மட்டும் நிறுத்திவிட்டு, அதன் கணிப்புச் சில்லையும் கேமராவையும் அசைவை உணரும் கருவிகளையும் அப்படியே பயன்படுத்தினார்கள். அவை எடுத்த பூமியின் படங்கள் துண்டு துண்டாக வந்தன. பல நாடுகளில் பொழுதுபோக்காக வானொலிக் கருவி இயக்கும் ஆர்வலர்கள் அவற்றைப் பிடித்து அனுப்ப, நாசாவில் ஒட்டிச் சேர்த்தார்கள். சுமார் ஒரு வாரத்தில் மூன்றும் காற்று மண்டலத்தில் எரிந்துபோயின. பிள்ளைகள் பழைய கைபேசியைத் திறந்து தேடப்போவது இந்தப் பாகங்களைத்தான். விளையாட்டுச் செயலி எதையும் அல்ல, கவலை வேண்டாம்.

இரண்டாம் மணி நேரத்தில் எஞ்சினைப் பற்றிய விவாதம். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான பகுதி. அண்டாரிஸின் முதல் அடுக்கில் இருந்த இரண்டு எஞ்சின்களும் சோவியத் ஒன்றியம் தன் நிலவு ராக்கெட்டுக்காகச் செய்து, திட்டம் கைவிடப்பட்டதால் கிடங்கில் முடங்கியவை. அமெரிக்க நிறுவனம் ஒன்று அவற்றை வாங்கிப் புதுப்பித்தது. முதல் நான்கு பயணங்கள் நன்றாகவே நடந்தன. 2014 அக்டோபர் 28 அன்று ஐந்தாவது ராக்கெட் கிளம்பிய சில நொடிகளில் வெடித்து விழுந்தது. எஞ்சினுக்குத் திரவ ஆக்சிஜனைத் தள்ளும் பம்பில் கோளாறு. பள்ளி, கல்லூரி மாணவர்கள் தயாரித்த பதினெட்டுச் சோதனைகளும் அதோடு போயின. பெரும்பாலானவற்றை மாணவர்கள் மீண்டும் தயார் செய்ய, 2015 ஜனவரியில் வேறொரு நிறுவனத்தின் ராக்கெட்டில் அவை நிலையத்துக்குச் சென்றன.

பழைய எஞ்சினை நம்பியது சரியா? ஒரு சோதனை வெற்றி எதுவரை உத்தரவாதம் தரும்? வகுப்பு இரண்டு அணியாகப் பிரிந்து வாதாடும். இது எந்தத் தேர்விலும் வராது. மதிப்பெண் கிடையாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கைபேசியிலிருந்து சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் எடுத்துவிட்டு அனுப்புங்கள். பேட்டரி புடைத்திருந்தால் அனுப்பவே வேண்டாம். திறந்த கைபேசியை மறுபடி பூட்டித் தர முடியாது. இன்னும் வேலை செய்வதைக் கொடுத்துவிடாதீர்கள். கைபேசி இல்லாத பிள்ளைகளும் வரலாம், குழுவாகத்தான் வேலை. கட்டணம் இல்லை. காலை பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் முடியும். மதிய உணவுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். இணைப்பிலுள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பியுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்